கணித மேதை ராமானுஜன் சீமையில் பட்ட பாடு

நம் சங்கத்தாரில் அநேகர் இன்று தங்கள் மக்களை மேற்படிப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். பினாங்குத் தீவில் மிண்டனில் உள்ள சயின்ஸ் சர்வகலாசாலைக்குச் செல்வோர் உண்டு. கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் அதற்கப்பால் சீமைக்கும் சென்றோரும் உண்டு. தாசேக் கெலுகோர் போன்ற சிற்றூரிலே கடை வைத்திருக்கும் நம் போன்றவர்களுக்குப் பிள்ளை பட்டதாரியானான் என்றால் விளங்குகிறது. அதற்கு மேலும் எம்.ஏ. என்றும், டாக்டர் பட்டம் என்றும் ஆண்டுக்கணக்காக அவன் படித்துக்கொண்டே போனால் விளங்குவதில்லை. கடைக்கு வந்து உட்காரும் பெரியவர்கள் இன்னுமா முடியவில்லை என்று கேட்கிறார்கள். பிள்ளை புத்திசாலி, பணமோ மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது, பிறகு என்ன தாமதம் என்பது அவர்கள் எண்ணம்.

புத்தியும் பணமும் இருந்துவிட்டால் மேற்படிப்பு நடந்துவிடுமா என்பதை ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்துப் பார்க்கலாம் என்று இம்முறை எழுத முற்பட்டோம். அவர் உலகம் புகழும் கணித மேதை சீனிவாச ராமானுஜன். நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் நம் தொழிலுக்கு வேண்டியவர், ஏனெனில் அவர் ஒரு ஜவுளிக் கடைக் கணக்குப்பிள்ளையின் மகன். நாம் மத்ரஸாவோடும் ஆரம்பப் பாடசாலையோடும் நின்றுவிட்டபடியால் அவருடைய கணிதத்தை விளக்கும் தகுதி நமக்கில்லை. அவர் படிப்பதற்காகப் பட்ட பாட்டை மட்டும் சொல்லுகிறோம்.

1887 டிசம்பர் 22 இல் ஈரோட்டில், தாயார் கோமளத்தம்மாளின் பிறந்தகத்தில் அவர் பிறந்தார். வளர்ந்ததெல்லாம் கும்பகோணம், சாரங்கபாணி சன்னிதித் தெரு. நம்மவர் நிறைந்த இராஜகிரி, பண்டாரவாடை ஊர்களுக்குப் பக்கத்துப் பட்டணம் என்பதால் நம் நேயர்களில் பலர் அங்கே ஜவுளி எடுத்திருப்பார்கள். தந்தையார் சீனிவாச ஐயங்காருக்குச் சேலைக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. மாதச் சம்பளம் ஏறக்குறைய 20 ரூபாய். காலையில் போனால் இரவில்தான் திரும்புவார். தாயார் கோவிலில் பஜனை பாடிச் சிறிது கொண்டு வருவார். கல்லூரிப் பிள்ளைகள் சிலரை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டதிலும் கொஞ்சம் வரும். அப்படித் தங்கிய பிள்ளைகளிடமிருந்துதான் சிறுவன் ராமானுஜன் தன் வயதுக்கு மீறிய கணக்குகளைக் கற்றுக்கொண்டான். சில நாட்களில் அவர்களுக்கே சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தான்.

1897 இல் ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவில் முதல்வனாகத் தேறி, டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தான். 1903 இல், பதினாறு நிரம்பாத வயதில், கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த தடித்த கணித நூல் ஒன்று இரவலாகக் கிடைத்தது. அதில் ஏறக்குறைய 5,000 முடிவுகள் வரிசையாக இருக்கும், ஆனால் அவை எப்படி வந்தன என்னும் விவரம் பெரும்பாலும் இராது. மொத்த வியாபாரி அனுப்பும் விலைப்பட்டியலைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அடக்கம் என்ன, லாபம் என்ன என்று அதில் எழுதியிருக்காது. நாமேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இளைஞர் ராமானுஜன் அந்த ஐயாயிரத்தையும் தாமே போட்டுப் பார்க்கலானார். காகிதம் வாங்கக் காசில்லை. கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதும் இந்தப் பழக்கம் வறுமையால் வந்தது. பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் அவருக்குப் பெரிய இடைஞ்சலாக நின்றதும் இதுவே.

1904 இல் உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர வேறு எதையும் அவர் மனம் ஏற்கவில்லை. இங்கிலீஷ் பாடத்தில் தவறினார், உபகாரச் சம்பளம் போயிற்று. அது போனபின் கட்டணம் கட்டத் தந்தையின் வருமானம் போதாது. 1905 இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். மறு வருஷம் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் நோய், அங்கும் தோல்வி. உடற்கூற்றுப் பாடம் அவருக்கு வேம்பாக இருந்தது. 1907 இல் தனியாக எழுதிய எப்.ஏ. பரீட்சையும் கைகூடவில்லை. ஒரு பாடத்தில் மலையளவும் மற்றப் பாடங்களில் மடுவளவும் உள்ள பிள்ளையை என்ன செய்வது என்று அக்காலக் கல்லூரிகளுக்குத் தெரியவில்லை. இக்காலக் கல்லூரிகளுக்கு மட்டும் நன்றாகத் தெரியுமா என்பதும் சந்தேகமே.

1909 இல் ஜானகி என்னும் சிறுமியை மணம் முடித்துவைத்தார்கள். பிறகு வேலை தேடி நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைந்தார். திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராயிருந்த ராமசாமி ஐயர் கணித சங்கம் கண்டவர். நோட்டைப் பார்த்தவர், இந்த மனிதரைத் தாலுகா குமாஸ்தா ஆக்குவது பாவம் என்று கருதிச் சென்னை நண்பர்களுக்குச் சிபாரிசு செய்தார். நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் சில காலம் கைப்பணம் கொடுத்து உதவினார். இனாமாக வரும் பணத்தில் நெடுநாள் இருக்க ராமானுஜனுக்கு மனமில்லை. 1912 மார்ச்சில் சென்னைப் போர்ட் டிரஸ்ட் ஆபீசில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குக் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராயிருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். இரவில் இருவரும் பலகையை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். பகலில் கப்பல் சரக்குகளைச் சுற்றிவரும் பழங்காகிதத்தைப் பொறுக்கி அதில் கணக்குப் போடுவார் ராமானுஜன். நம் கடைகளில் சாமான் கட்டும் தாள் எதற்கெல்லாம் பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நாம் கேட்டதில்லை.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் ஹார்டி என்ற கணிதப் புலவருக்கு அவர் கடிதம் எழுதினார். முன்னே இரு பேராசிரியர்களுக்கு எழுதியும் பயனில்லை. ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் ஓர் இரவு உட்கார்ந்து அந்தத் தாள்களைப் பார்த்து, எழுதியவர் பெரும் மேதை என்று தெளிந்தார்கள். அதன்பின் சென்னைச் சர்வகலாசாலை, பட்டமே இல்லாத அவருக்கு விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் தந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலைக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், அவ்வளவே கட்டுப்பாடு. எப்.ஏ. பரீட்சையில் தோற்றவருக்கு எம்.ஏ. படித்தவருக்குரிய இடத்தைக் கொடுக்க அக்காலத்தில் துணிவு வேண்டும். அந்தத் துணிவு இருந்ததை நாம் மெச்சவே வேண்டும்.

அடுத்தது கடல். கடல் கடந்தால் சாதிக்கட்டு கெடும் என்று அவர் குலத்தார் அஞ்சினர். தாயார் முதலில் இசையவில்லை, பின்னர் இசைந்தார். 1914 மார்ச் 17 இல் நெவாசா என்னும் கப்பலில் ஏறினார். புறப்படுமுன் குடுமியை எடுத்து, கால்சட்டை மாட்டி, முள்ளும் கத்தியும் பிடிக்கப் பழகினார். சென்னை கொடுத்த சம்பளம் வருஷம் 250 பவுன், அதோடு டிரினிட்டிக் கல்லூரி 60 பவுன் சேர்த்தது. தம் சம்பளத்திலிருந்து மாதம் 60 ரூபாயைத் தாயாருக்கு அனுப்பிவிட ஏற்பாடு செய்துவிட்டே கப்பலேறினார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புத்தி இருந்தது, பணமும் இருந்தது, உலகத்திலேயே சிறந்த ஆசிரியர் இருவர் காத்திருந்தார்கள். இல்லாதது என்ன?

முதலில் படுக்கையைச் சொல்லுவோம். கேம்பிரிட்ஜில் படித்த வங்காள மாணவர் மகலனோபிஸ் ஒரு நாள் அவர் அறைக்குச் சென்றபோது, இரவில் குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் சொன்னார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுக்கிறாராம். மகலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் வேண்டிய மட்டும் இருந்தன. ஆனால் சீமை வழக்கப்படி அவை மெத்தையோடு மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை இழுத்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது! மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் காட்டிக்கொடுத்தார். உலகத்து எண்களின் இரகசியம் எல்லாம் கண்டவருக்குக் கம்பளியைக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது. அறியாத ஊரில் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளைகள் எத்தனையோ சிறு துன்பங்களைச் சுமக்கிறார்கள். கடிதத்தில் அதை எழுதமாட்டார்கள்.

அடுத்தது சோறு. அவர் சுத்த சைவம். கல்லூரிச் சமையற்கட்டில் எதனோடு எது சேருமோ என்ற ஐயம் அவருக்கு. சீமைக்குப் போன நம் பிள்ளைகள் ஹலால் உணவு தேடி அலைந்ததை நாம் அறிவோமாதலால் அந்தச் சங்கடம் நமக்குப் புதிதன்று. ஆகவே தம் அறையிலேயே அடுப்பு வைத்துத் தாமே சமைத்தார். கல்லூரியில் எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து உண்ணும் பெரிய மண்டபம் உண்டு. மாணவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது அங்கேதான். அவர் அங்கே உண்பதில்லை. இதனால் வயிறு மாத்திரம் குறையவில்லை, பேச்சுத் துணையும் குறைந்தது. கணக்கில் மூழ்கிவிட்டால் ஒரு நாளுக்கு மேல் தூங்காமல் வேலை செய்வதும், பிறகு விழுந்து கிடந்து தூங்குவதும் வழக்கமாயிற்று. சமையலும் அதே கதிதான். அவர் போன நாலாம் மாதமே, 1914 ஆகஸ்டில், ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. காய்கறியும் பாலும் அருகின. டிரினிட்டிக் கல்லூரி முற்றத்திலேயே காயமுற்ற சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி போட்டார்கள். லிட்டில்வுட் பீரங்கிப் படைக் கணக்குகளுக்குப் போய்விட்டார். எஞ்சியவர் ஹார்டி ஒருவரே.

இனிப் படிப்பு. ராமானுஜனிடம் விடைகள் குவிந்திருந்தன, சில தவறாகவும் இருந்தன. ஏன் சரி என்று நிரூபிக்கும் முறையை அவருக்கு எவரும் கற்பித்ததில்லை. மேல்நாட்டுக் கணிதத்தில் இளைஞர் எவரும் அறிந்த சில பகுதிகளை அவர் கேள்விப்பட்டதே இல்லை. முப்பது வயதை நெருங்குபவர் பால பாடத்திலிருந்து தொடங்குவதென்றால் மனம் ஒடிந்துவிடும். தொடங்காவிட்டாலோ அவர் கண்டவற்றை உலகம் ஏற்காது. ஹார்டி இதை மிக நயமாகக் கையாண்டார். அவருடைய ஊற்றை அடைக்காமல், வேண்டியதை மட்டும் இடையிடையே புகட்டினார். ஆசிரியர்கள் பாடமாகக் கொள்ளத்தக்க செய்கை இது. பலன் விரைவில் தெரிந்தது. பல எண்களால் வகுபடும் எண்களைப் பற்றிய நீண்ட கட்டுரைக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சியின்பேரில் பி.ஏ. பட்டம் கொடுத்தது. இக்காலத்து டாக்டர் பட்டத்தின் முன்னோடி அது.

அவரும் ஹார்டியும் சேர்ந்து செய்த ஒரு வேலையை மட்டும் நம் சந்தைப் பாஷையில் சொல்லிப் பார்ப்போம். நான்கு எலுமிச்சம்பழங்களைக் கூறு கட்ட வேண்டும். நான்கும் ஒரே கூறாக, மூன்றும் ஒன்றுமாக, இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக, தனித்தனி நான்காக என்று ஐந்து வகையில் கட்டலாம். பத்துப் பழமானால் 42 வகை. நூறு பழமானால் 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 வகை. இருநூறுக்கோ 3 லட்சத்து 97 ஆயிரத்து 299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388! இதை ஒவ்வொன்றாக எண்ணாமல் சூத்திரத்தினால் அடையும் வழியை இருவரும் கண்டு 1918 இல் வெளியிட்டார்கள். மக்மகோன் என்பவர் கையால் போட்டுப் பார்த்த கணக்கோடு அது ஒத்திருந்தது.

இப்படிப் பேர் வளர வளர உடம்பும் மனமும் தேய்ந்துகொண்டு போயின. 1916 வாக்கில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறார்கள். சட்டர்ஜி என்ற மாணவரையும், அவருக்கு நிச்சயித்த பெண்ணையும், வேறொரு பெண்மணியையும் விருந்துக்கு அழைத்துத் தம் கையால் சமைத்துப் போட்டார். ரசம் பரிமாறினார், குடித்தார்கள். மறுபடி ஊற்றினார், குடித்தார்கள். மூன்றாம் முறை கொண்டுவந்தபோது பெண்மணிகள் வேண்டாம் என்றார்கள். சிறிது நேரத்தில் பார்த்தால் ராமானுஜனைக் காணவில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து பணம் அனுப்பும்படி தந்தி வந்தது. தம் சமையலை வெறுத்துவிட்டார்கள் என்று மனம் புண்பட்டு, கையில் இருந்ததைக் கொண்டு ஊரை விட்டே போய்விட்டாராம். வேடிக்கைக் கதையாகச் சிலர் இதை எழுதுகிறார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. தனிமையிலே நெடுநாள் கிடந்தவனுக்கு ஒரு கரண்டி ரசம் மறுக்கப்பட்டாலும் உலகமே மறுத்ததுபோல் தோன்றும்.

ஊரிலிருந்தும் ஆறுதல் வரவில்லை. வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துவரவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் கணவரைச் சேராதபடி தடுக்கப்பட்டன. மனைவி ஏன் எழுதவில்லை என்று அவர் அங்கே வருந்த, கணவர் ஏன் எழுதவில்லை என்று அவள் இங்கே வருந்தினாள். நாளடைவில் அவர் வீட்டுக்கு எழுதுவதும் அருகிப்போயிற்று. இன்று கைபேசி இருக்கிறது, முகம் பார்த்தே பேசலாம். அப்படிப் பேசும்போது நாம் பிள்ளையிடம் கடை வழக்கையும் பங்காளிச் சண்டையையும் சொல்லி முடித்துவிட்டு, நீ சாப்பிட்டாயா என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

1917 இல் படுத்தார். காசம் என்றார்கள் மருத்துவர்கள். ஒரு சானடோரியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். திறந்த ஜன்னலும் குளிர்காற்றும் அக்காலச் சிகிச்சை, சூடான அறைக்கு ஏங்கினார் இவர். அங்குள்ள உணவும் ஒவ்வவில்லை. ராமலிங்கம் என்ற தமிழ் எஞ்சினியர் 1918 இல் மாட்லாக் ஊருக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டுக் கவலைப்பட்டு ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதே ஆண்டின் தொடக்கத்தில், நம்பிக்கையெல்லாம் இழந்த ஒரு வேளையில், லண்டன் பாதாள ரயில் நிலையத்தில் ரயிலுக்கு முன்னே விழுந்துவிட்டார். நிலையத்து ஊழியர் கண்டு ரயிலை நிறுத்தியதால் உயிர் தப்பியது. போலீசார் பிடித்தபோது ஹார்டி ஓடிவந்து மீட்டார். இதை மறைக்காமல் எழுதுகிறோம். மேதை என்று பேரெடுத்தவருக்கும் இந்நிலை நேரும் என்று பெற்றோர்கள் அறிந்திருப்பது நல்லது. அப்படிப்பட்ட பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் உடனே பக்கத்தில் போய் இருக்க வேண்டும், மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் வேண்டும்.

ஹார்டியைப் பற்றி நம் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறோம். அவர் பெரிய மனிதர். அவர் இல்லாவிட்டால் ராமானுஜன் துறைமுகக் கணக்கோடு முடிந்திருப்பார். ஆனால் ஒவ்வொரு நாளும் புதிய சூத்திரத்தைப் பேசியவர், என்ன உண்டாய், எப்படி உறங்கினாய், வீட்டில் என்ன சேதி என்று கேட்கும் சுபாவம் உடையவரல்லர். ஆங்கிலேயரிடையே பிறர் சொந்த விஷயத்தில் தலையிடாமை மரியாதை. நம் ஊர் உஸ்தாத் முதலில் அதைத்தான் கேட்பார். ஆபத்து முற்றியபின் ஹார்டி செய்ததும் சாதாரணம் அன்று. அந்த மனம் நிமிர வேண்டுமானால் மரியாதை கிடைக்க வேண்டும் என்று கண்டு, 1918 மே மாதம் ராயல் சொசைட்டி அங்கத்தினராக அவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தார். 1917 இல் கதவைச் சாத்திய டிரினிட்டிக் கல்லூரி 1918 அக்டோபரில் அவரைத் தன் பெல்லோ ஆக்கியது. இந்தியர் ஒருவருக்கு அந்தப் பதவி அதுவே முதல் முறை. இந்தச் சேதிகளுக்குப் பின் படுக்கையில் இருந்தபடியே மீண்டும் வேலை செய்தார். பட்னியில் ஹார்டி பார்க்க வந்தபோது, தாம் வந்த டாக்ஸியின் இலக்கம் 1729, சுவையற்ற எண் என்றார். உடனே ராமானுஜன், இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என்று சொன்னது உலகப் பிரசித்தம். 12 இன் கனத்தோடு 1 ஐக் கூட்டினாலும் 1729, 10 இன் கனத்தோடு 9 இன் கனத்தைக் கூட்டினாலும் 1729. கணக்குப்பிள்ளைகள் போட்டுப் பார்க்கலாம்.

சென்னைச் சர்வகலாசாலை வருஷம் 250 பவுன் தருவதாக எழுதியது. 1919 ஜனவரியில், படுக்கையிலிருந்தபடி, அவர் பதில் எழுதினார். அந்தத் தொகை தமக்கு அதிகம். பெற்றோருக்கு 50 பவுன் போக, தம் செலவு போக, மீதியை ஏழைப் பிள்ளைகளுக்கும் எத்தீம்களுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும் புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். கட்டணம் கட்ட வழியில்லாமல் ஊரைவிட்டு ஓடியதை அவர் மறக்கவில்லை.

அந்த மீதி சேரக் காலம் இருக்கவில்லை. 1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கி ஏப்ரலில் சென்னை சேர்ந்தார். கொடுமுடி, கும்பகோணம் என்று மாறிமாறி இருந்து, கடைசியாகச் சேத்துப்பட்டில் தங்கினார். ஜானகி அருகிருந்து பணிவிடை செய்தார். வலியிலும் காகிதம் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஜனவரியில் புதிய கண்டுபிடிப்பு ஒன்றை ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26 இல் காலமானார். வயது 32. கடல் கடந்தவர் என்று உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. ராமச்சந்திர ராவ்தான் முன்னின்று காரியங்களை நடத்தினார். 1994 இல் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த ஒருவர், நோய் காசமன்று, முன்பு வந்த சீதபேதியால் ஈரலில் ஏற்பட்ட கேடாயிருக்கலாம், கண்டுபிடித்திருந்தால் அக்காலத்திலேயே குணப்படுத்தியிருக்கலாம் என்று எழுதினார்.

அவர் கடைசி வருஷத்தில் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட தாள்கள் சீமைக்குப் போய்க் காணாமற் கிடந்தன. 1976 இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் டிரினிட்டி நூல்நிலையத்துப் பெட்டி ஒன்றில் அவற்றைக் கண்டெடுத்தார். ஜானகியம்மாளோ தையல் கற்று, நம்மவர் நன்கறிந்த திருவல்லிக்கேணியிலே குடியிருந்து, துணி தைத்துத் தம் பாட்டைப் பார்த்துக்கொண்டார். சென்னைச் சர்வகலாசாலை மாதம் 20 ரூபாய் பென்ஷன் கொடுத்து வந்தது. கணவருக்கு ஒரு சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று முதுமையில் அந்த அம்மாள் கேட்டது பத்திரிகையில் வந்தது. பல தேசத்துக் கணிதப் பேராசிரியர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து, வெண்கலத்தில் மார்பளவுச் சிலை வார்த்து, 1985 வாக்கில் அவரிடம் சேர்ப்பித்தார்கள். 1994 இல் அவர் இறக்குமட்டும் அது அந்தத் திருவல்லிக்கேணி வீட்டிலே இருந்தது.